மற்றவை

பதினான்கு நாள் இலவசம் என்றதால் இறக்கினேன்.
முதல் கேள்வி: உங்கள் மரம் எது?
பட்டியலைத் தள்ளத் தள்ள
ஓக், மேப்பிள், பைன், பிர்ச்,
பனி கொட்டும் ஊர்களின் பெயர்கள்.
பனை இல்லை.
உடை இல்லை, பூவரசு இல்லை.
கடைசி வரியில் 'மற்றவை' இருந்தது.
உச்சிப்புளியிலிருந்து தொண்டி வரைக்கும்
நிற்கிற அத்தனையையும்
அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்றினேன்.

தொழிலுக்குப் பெயர் கேட்டது.
'நம்பு மரவேலை' என்று போட்டேன்.
ஏறுகிறவன் பெயர் நம்புவேல்.
படிக்கிறவர்களுக்கு அதுவே விளம்பரம்.
அவன் பங்குக்குக் கயிறு, அரம், இரண்டு ரம்பம்.
என் பங்குக்குப் போன், சார்ஜர்,
வண்டியின் தவணை.

அக்டோபருக்கு ஒரு வார்ப்பு தயாராக வைத்திருந்தது:
'இலையுதிர் காலச் சலுகை.'
எங்களுக்கு அக்டோபர் என்றால்
பாம்பனில் ஏறும் புயல் கூண்டு.

முன்பு, பின்பு என்று இரண்டு படம் போட்டால்
ஆட்கள் தேடி வருவார்கள் என்றது.
எடுத்தேன். மண்டபத்தில் ஒரு வேம்பு.
முன்பு, மரம்.
பின்பு, வானம்.
எதைப் போடலாம் என்று நம்புவிடம் காட்டினேன்.
"வெட்டு வாயில ஈரம் தெரியுது பாரு,
அதை மட்டும் போடாத" என்றான்.

ஆடிக் கச்சான் அடித்த வாரம் ஓயாத அழைப்பு.
கம்பியில் தென்னைமட்டை, கூரையில் முருங்கை.
பெரியபட்டினத்தார் ஒருவர் அனுப்பிய இடக்குறி
கடலுக்குள் அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது.
மீன் வண்டிக்காரரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

ஒன்பதாம் நாள் ஷார்ஜாவிலிருந்து ஒரு குரல்,
கீழக்கரையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்,
உவைஸ் மரைக்காயர்.
"கேமராவுல பார்த்துக்கிட்டே இருக்கேன் தங்கச்சி,
முத்தத்து வாதாமரம் பட்டுப்போச்சு.
செவந்து செவந்து கொட்டுது.
சுவத்துல விழுறதுக்குள்ள எடுத்துருங்க."
எட்டாயிரத்து ஐந்நூறுக்கு விலைப்புள்ளி அனுப்பினேன்.
'ஏற்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது.

பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தோம்.
நம்பு ஏறவில்லை.
பட்டையை நகத்தால் கீறினான், உள்ளே பச்சை.
கேமராவுக்குக் காது உண்டா என்று
என்னிடம் கேட்டுக்கொண்டு
அதை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:
"பட்டுப்போகலைண்ணே, இலை மாத்துது.
நாம சட்டை மாத்துறதில்லையா, அப்படி.
ஒரு மாசம் பொறுங்க."
கயிற்றைச் சுருட்டி வண்டியில் எறிந்தான்.

நிலையைப் பதியச் சொன்னது:
முடிந்தது, நிலுவை, ரத்து.
வெட்டாமல் விட்டதற்குப் பொத்தான் இல்லை.
'முடிந்தது' என்று அழுத்தினேன்.
பூஜ்ய ரூபாய்க்கு ஒரு ரசீது
நன்றி சொல்லி ஷார்ஜா போனது.

மறுநாள் ஒரு நட்சத்திரம் விழுந்தது.
ஒன்றே ஒன்று.
"வந்தாங்க. பார்த்தாங்க. வெட்டலை.
காசும் வாங்கலை. முதல் தரம்."
முதல் என்றால் ஒன்றுதானே
என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.
நாலரையில் இருந்த நாங்கள்
மூன்று புள்ளி எட்டுக்கு இறங்கினோம்.
திருத்தச் சொல்லி எழுதினேன், அழித்தேன்,
மறுபடி எழுதி அழித்தேன்.

இலவசம் முடிந்தது. மாதம் தொள்ளாயிரம் கேட்டது.
ரம்பத்துக்குச் சங்கிலி வாங்க வைத்திருந்ததில் கட்டினேன்.
நம்புவிடம் இன்னும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது
அது தானாகவே கேட்டிருக்கிறது:
'உங்கள் மரம் இப்போது எப்படி இருக்கிறது?'
விடிவதற்குள் பதில் வந்து கிடந்தது.
"கேமரா போன வாரமே ரிப்பேர் தங்கச்சி, தெரியலை.
ஒரு எட்டு போய்ப் பார்த்துச் சொல்லுங்களேன்."

வியாழன், காலை ஏழு.
வேலை: பார்த்தல்.
மரம்: மற்றவை.
கட்டணம் என்ற கட்டத்துக்குள்
ஒரு சின்னக் கோடு
விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கிறது.